சர்க்கரையும் மைதாவும் இல்லாத கேக்: நடுவில் வேகாமல் நிற்கிறது, மறுநாள் மணலாகிறது

கேள்வி கேட்டவர்: பழைய ஓவன்

அனைவருக்கும் வணக்கம். மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கையும் சம எடையில் எடுத்துக் கேக் செய்து 15 ஆண்டுகளாகப் பழகிய கை என்னுடையது. இவ்வாண்டு எடுத்த மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்குப் பிறகு, மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட்டை) குறைக்கும் குறைமாவு உணவுமுறைக்கு மாறியிருக்கிறேன். சாப்பாட்டை மாற்றிக்கொள்வது பெரிய சிரமமாக இல்லை. ஆனால், வாரம் ஒருமுறையாவது ஓவனைப் பற்றவைக்காமல் இருக்க முடியவில்லை. அதற்காகச் செய்துபார்த்த மூன்று முயற்சிகளும் தோற்றுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

முதல்முறை 200 கிராம் மைதாவுக்குப் பதில் 200 கிராம் பாதாம் மாவும், 200 கிராம் சர்க்கரைக்குப் பதில் எரித்ரிடால் என்னும் மாற்று இனிப்பூட்டி 200 கிராமும் போட்டு, 3 முட்டையுடன் 180 டிகிரி செல்சியஸில் வேகவைத்தேன். மேற்பரப்பு கருகத் தொடங்கிய பின்னும் நடுப்பகுதி ஈரமாகவே இருந்தது. வழக்கம்போலச் சூட்டோடு தட்டில் கவிழ்த்தபோது மூன்று துண்டாக உடைந்தது. மறுநாள் எஞ்சியதைத் தின்றபோது பல்லில் மணல் நெறிபடுவதுபோல இருந்ததோடு, வாயில் புதினா மிட்டாய் போட்டதுபோல ஒரு குளிர்ச்சியும் வந்தது. இரண்டாம்முறை பாதாம் மாவை விட்டுவிட்டு அதே எடையில் தேங்காய் மாவைப் போட்டேன். வந்தது கேக் அன்று, செங்கல். மூன்றாம்முறை, பாதாம் மாவுடன், 'சர்க்கரை சேர்க்காதது' என்று அட்டையில் அச்சிட்டிருந்த 200 கிராம் சாக்லேட்டையும், சர்க்கரைக்கு ஈடாகக் கோப்பைக்குக் கோப்பை போடலாம் என்ற குறிப்புடன் விற்கும் இனிப்புத் தூளையும் சேர்த்துச் செய்தேன். சுவை நன்றாக இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால், முன்பு 112 இருந்த இரத்தச் சர்க்கரை அளவு 158-க்கு ஏறியிருந்தது. அன்று இரவு முழுவதும் வயிறு உப்புசம் வேறு.

என் கேள்வி இதுதான். மைதாவையும் சர்க்கரையையும் எடுத்துவிட்டு அதே எடையில் போடக்கூடிய மாற்றுப் பொருள் ஏதேனும் உண்டா, அல்லது நான் தொடங்கிய இடமே தவறா? எரித்ரிடாலைப் பற்றி இதய நோயுடன் சேர்த்து ஏதோ படித்த நினைவும் இருக்கிறது. அதைப் பற்றித் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: பதம் பார்ப்பவர்

வணக்கம் சகோதரி. தொடங்கிய இடம்தான் தவறு. ஆனால் அது எல்லோரும் தொடங்குகிற இடம் என்பதால் வருந்த வேண்டாம். எடைக்கு எடை மாற்றக்கூடிய பொருள் எதுவும் இல்லை. கேக்கில் மைதா என்ன வேலை செய்தது, சர்க்கரை என்ன வேலை செய்தது என்று தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு, அந்த வேலைகளை இருக்கிற பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மைதாவில் ஈரம் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் சேர்ந்து குளூட்டன் என்னும் வலையைப் பின்னுகின்றன. சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது அதன் ஸ்டார்ச் துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பி, காற்றுக் குமிழிகளைச் சுற்றிச் சுவராக நிற்கின்றன. பாதாம் மாவில் குளூட்டனும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி ஸ்டார்ச்சும் இல்லை. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி வெறும் கொழுப்பு. ஆகவே உங்கள் கேக்கைத் தாங்கி நின்றது அந்த 3 முட்டைகள் மட்டுமே. 200 கிராம் பாதாம் மாவுக்கு 4 முட்டை போடுங்கள். அத்துடன் அரைத் தேக்கரண்டி சாந்தன் கம் (மாவைப் பிணைக்கும் கோந்துத் தூள்) சேர்த்தால் குளூட்டன் செய்த பிடிப்பில் ஒரு பங்காவது கிடைக்கும். அதற்கு மேல் போட்டால் கேக் வழவழவென்று கோந்துபோல ஆகிவிடும்; நானே அனுபவித்திருக்கிறேன். பாதாம் மாவு கனமானது என்பதால், மைதாவுக்குப் போடுவதைவிடப் பேக்கிங் பவுடர் சற்றுக் கூடுதலாக, 2 தேக்கரண்டி அளவுக்குத் தேவைப்படும்.

பாதாம் மாவு எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். தோலுரித்து நைசாக அரைத்த மாவும், தோலோடு அரைத்த கொரகொரப்பான தூளும் ஒன்றல்ல. பின்னதில் செய்த கேக், ரொட்டிக்கும் கேக்குக்கும் நடுவில் எங்கோ நிற்கும். வீட்டிலேயே அரைப்பதாக இருந்தால், ஈரமில்லாத பருப்பைக் குளிரவைத்து, மிக்சியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் எண்ணெய் கசிந்து, மாவுக்குப் பதில் பாதாம் வெண்ணெய்தான் மிஞ்சும்.

சூட்டைப் பொறுத்தவரை, கொட்டைப் பருப்பு மாவுகள் மைதாவைவிட வேகமாகச் சிவக்கும். 180 டிகிரியில் மேற்பரப்பு கருகி உள்ளே வேகாமல் நின்றதற்கு அதுவே காரணம். 160 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் வையுங்கள். 25 நிமிடம் கழிந்ததும் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். குச்சி விட்டுப் பார்ப்பதைவிட, உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் குத்தி, 95 டிகிரிக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பது நம்பகமானது. கொழுப்பு மிகுந்த இந்த மாவில் வெந்த பின்னும் குச்சி ஈரமாகவே தெரியக்கூடும். இனி எக்காரணம் கொண்டும் சூட்டோடு கவிழ்க்காதீர்கள். ஸ்டார்ச் சுவர் இல்லாத கேக், ஆறும்போதுதான் இறுகுகிறது. அச்சிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். மறுநாள் வெட்டினால் இன்னும் நல்லது.

இனிச் சர்க்கரைக்கு வருகிறேன். சர்க்கரை வெறும் இனிப்பு அன்று; ஈரத்தைப் பிடித்துவைப்பதும், வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றைச் சிறைப்பிடிப்பதும், மேல்தோலுக்கு நிறம் கொடுப்பதும் அதுவே. எரித்ரிடாலோ ஈரத்தைப் பிடிக்காது, நிறமும் கொடுக்காது, சர்க்கரையின் இனிப்பில் 60 முதல் 70 விழுக்காடுதான் தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது தண்ணீரில் எளிதில் கரைந்திருப்பதில்லை. அறை வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரில் சர்க்கரை 200 கிராம் வரை கரையும். எரித்ரிடால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கரையும். ஓவனின் சூட்டில் கரைந்திருந்தது, கேக் ஆறியதும் தங்க இடமில்லாமல் மீண்டும் படிகமாகி வெளியே வருகிறது. உங்கள் பல்லில் பட்ட மணல் அதுதான். அந்தப் படிகங்கள் நாக்கில் கரையும்போது சுற்றிலுமிருந்து வெப்பத்தை இழுக்கின்றன. சர்க்கரை கரையும்போதும் இது நடப்பதுதான் என்றாலும், எரித்ரிடால் இழுப்பது அதைப்போல ஏறத்தாழ 10 மடங்கு. குளிர்ச்சிக்குக் காரணம் அதுவே. நீங்கள் வாங்கிய பொருளில் கலப்படம் ஏதுமில்லை.

இந்த இடத்தை நிரப்ப நான் கண்டவற்றுள் சிறந்தது அல்லுலோஸ். அது பிரக்டோஸின் நெருங்கிய உறவான ஒரு சர்க்கரை. இனிப்பு, சர்க்கரையில் 70 விழுக்காடு; கிராமுக்கு ஏறத்தாழ 0.4 கலோரிதான். உடல் அதை எரிபொருளாகப் பயன்படுத்தாமல் பெரும்பாலும் அப்படியே வெளியேற்றிவிடுகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019-இல், உணவுப் பொட்டலங்களின் மொத்தச் சர்க்கரைக் கணக்கில் இதைச் சேர்க்க வேண்டியதில்லை என்று அறிவித்தது. சில நாடுகளில் இது அனுமதிக்கப்படவில்லை என்பதால் உங்களுக்குக் கிடைக்குமா என்பது வேறு விஷயம். கிடைத்தால், ஈரத்தைப் பிடிக்கும், படிகமாகாது, நிறமும் கொடுக்கும். நிறம் கொஞ்சம் அதிகமாகவே வரும் என்பதால் 160 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். அல்லுலோஸை மட்டும் போட்டால் கேக் சில வேளை பிசுபிசுவென்று மிருதுவாகிவிடும். ஆகவே 60 கிராம் அல்லுலோஸும், மிக்சியில் மாவாகப் பொடித்த 60 கிராம் எரித்ரிடாலும் கலந்து போடுவது என் வழக்கம். இனிப்பு போதாவிட்டால் ஸ்டீவியா என்னும் இலை இனிப்பூட்டி ஒரு சிட்டிகை. அதற்கு மேல் வேண்டாம், கசக்கும்.

மறுமொழி 2: தராசுத்தட்டு

மேலே எழுதியவரின் விளக்கம் முழுவதும் சரி. ஆனால் முடிவில் நான் மாறுபடுகிறேன். மைதாவும் சர்க்கரையும் தூண்களாக நிற்கும் வெண்ணெய்க் கேக்கைப் பிடித்துக்கொண்டு, தூண்களை உருவிவிட்டு முட்டுக்கொடுப்பதைவிட, அவ்விரண்டுக்கும் தொடக்கத்திலிருந்தே பெரிய வேலை இல்லாத இனிப்புகளைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து. சுட்ட சீஸ் கேக், கஸ்டர்டு, மாவில்லாச் சாக்லேட் கேக் ஆகியவற்றை இறுக வைப்பது முட்டைதான். அவற்றில் இனிப்பை மட்டும் மாற்றினால் போதும்.

சீஸ் கேக்கிலிருந்து தொடங்குங்கள் என்பேன். அடித்தட்டுக்கு 150 கிராம் பாதாம் மாவும் 50 கிராம் உருக்கிய வெண்ணெயும் பிசறி, அழுத்தி, 160 டிகிரியில் 10 நிமிடம் சுட்டெடுங்கள். மேலே ஊற்றுவதற்கு 600 கிராம் கிரீம் சீஸ், 120 கிராம் அல்லுலோஸ், 3 முட்டை, 100 மில்லி கிரீம். எல்லாம் அறை வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். முட்டையைக் கடைசியில் சேர்த்து, கலந்ததும் நிறுத்திவிட வேண்டும். அச்சை வெந்நீர்த் தட்டில் வைத்து 150 டிகிரியில் வேகவையுங்கள். ஓரம் இறுகி, நடுப்பகுதி மட்டும் தயிர்போலத் தளும்பும்போது அணைத்துவிடுங்கள். அப்போது நடுவில் 65 முதல் 70 டிகிரி இருக்கும். அதைத் தாண்டினால் முட்டைப் புரதம் சுருங்கி மேலே வெடிப்பு விழும். அல்லுலோஸ் கிடைக்கவில்லை என்றால் பொடித்த எரித்ரிடாலை இதில் 90 கிராமுக்கு மேல் போகாமல் போடலாம். கிரீம் சீஸில் ஈரம் மிகுதி என்பதால் மணல் தொல்லை குறைவு.

உங்கள் தேங்காய் மாவுச் செங்கலுக்கு விளக்கம் எளிது. தேங்காய் மாவின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நார்ச்சத்து. அது பஞ்சுபோல ஈரத்தை உறிஞ்சும். பாதாம் மாவு போடும் இடத்தில் அதன் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் போட வேண்டும், முட்டையும் திரவமும் கூட்டிப் போட வேண்டும், கலந்தபின் 5 நிமிடம் ஊறவும் விட வேண்டும். பாதாம் மாவுடன் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் மட்டும் அது நல்ல துணை.

மூன்றாம் முயற்சியில் நடந்ததற்குப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோப்பைக்குக் கோப்பை என்று விற்கும் தூள்கள் பலவற்றில் இனிப்பூட்டி மிகச் சொற்பம். மீதி முழுவதும் பருமனுக்காகச் சேர்த்த, ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் தூள். அது இரத்தச் சர்க்கரையைக் குளுக்கோஸ் ஏற்றும் அளவுக்கே ஏற்றும். சர்க்கரை சேர்க்காத சாக்லேட்டில் பெரும்பாலும் இருப்பது மால்டிடால் என்னும் இனிப்பூட்டி. பெயரில் எரித்ரிடாலுக்குத் தம்பி போலத் தெரிந்தாலும், கிராமுக்கு 2.1 கலோரி, இரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும், உறிஞ்சப்படாத பகுதி பெருங்குடலில் நொதித்து வயிற்றை உப்பவைக்கும். இரவு முழுவதும் நீங்கள் பட்ட பாடு அதனால் என்றே நினைக்கிறேன். கோகோ மிகுந்த கறுப்புச் சாக்லேட்டையோ, இனிப்பில்லாத கோகோத் தூளையோ வாங்கி, இனிப்பை நீங்களே சேர்ப்பதுதான் பாதுகாப்பு.

மாவுச்சத்து அளவிலிருந்து நார்ச்சத்தைக் கழித்துக் கணக்குப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பொட்டலங்களில் அச்சிடும் மாவுச்சத்து அளவில் நார்ச்சத்தும் அடக்கம். ஐரோப்பியப் பொட்டலங்களில் அதை முன்பே கழித்துவிட்டுத்தான் அச்சிடுகிறார்கள். இரண்டாவது வகையில் நீங்களும் ஒருமுறை கழித்தால், இல்லாத சலுகையை உங்களுக்கே கொடுத்துக்கொள்கிறீர்கள்.

கணக்கு என்று வந்துவிட்டதால் உங்கள் பழைய கேக்கையே போட்டுப் பார்த்தேன். 200 கிராம் மைதாவில் ஏறத்தாழ 150 கிராம் மாவுச்சத்து, சர்க்கரையில் 200. பத்துத் துண்டாக வெட்டினால் துண்டுக்கு 35 கிராம். 200 கிராம் பாதாம் மாவில் நார்ச்சத்து போக 20 கிராம், 4 முட்டையில் 2. துண்டுக்கு 2 கிராமைச் சற்றுத் தாண்டும். இந்த வேறுபாடு பெரிது. ஆனால் இரண்டிலும் 100 கிராம் வெண்ணெய் என்றே வைத்துக்கொண்டாலும், கலோரி பழையதில் துண்டுக்கு 250 என்றால் புதியதில் 220. மாவுச்சத்து குறைந்துவிட்டது என்பதற்காக மூன்று துண்டு சாப்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்; நேற்று வரை அவர்களில் நானும் ஒருவன்.

மறுமொழி 3: அளவோடு

இதய நோய் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லர். 8 ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்பவன், படித்துத் தெரிந்துகொண்டவன்.

நீங்கள் நினைவுகூர்வது, 2023-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியான, அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வாளர்களின் கட்டுரையாக இருக்க வேண்டும். இரத்தத்தில் எரித்ரிடால் மிகுந்திருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததை அவர்கள் கண்டார்கள். எரித்ரிடாலை நம் உடலும் குளுக்கோஸிலிருந்து தானே உண்டாக்குகிறது என்பதால், அந்த அளவு உணவிலிருந்து வந்ததா, ஏற்கெனவே சீர்கெட்ட வளர்சிதை மாற்றத்தின் அடையாளமா என்பதை அந்தத் தொடர்பு மட்டும் தீர்மானித்துவிடாது. அதே கட்டுரையில், நலமாக உள்ள சிலருக்கு 30 கிராம் எரித்ரிடால் கலந்த பானத்தைக் கொடுத்தபோது, இரத்தத்தில் அதன் அளவு பன்மடங்கு உயர்ந்து, இரண்டு நாளுக்கும் மேல் இறங்காமல் இருந்ததையும் காட்டியிருந்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.5 கிராம் என வரம்பு வைத்தது. அந்த வரம்புக்கு அடிப்படை இதயம் அன்று, வயிற்றுப்போக்கு. எனினும் 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 30 கிராம் ஆகிறது. உங்கள் முதல் கேக்கில் 200 கிராம் இருந்தது. பத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டாலே 40 கிராம். மேலே சொன்ன கலவைப்படி 60 கிராம் மட்டும் போட்டால் இரண்டு துண்டுக்கு 12 கிராம்தான். மணலுக்காகச் சொன்ன யோசனை இதற்கும் பொருந்துவது நல்வாய்ப்பு.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில், உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று பரிந்துரைத்ததையும் சிலர் இங்கே மேற்கோள் காட்டுவார்கள். ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்றவை அதில் அடங்கும். எரித்ரிடால் வகையறா அடங்காது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். சுக்ரலோஸை மட்டும் ஓவனுக்குள் வைக்காதீர்கள் என்பேன். 120 டிகிரிக்கு மேல் அது சிதைந்து குளோரின் சேர்ந்த சேர்மங்கள் உருவாகக்கூடும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-இல் எச்சரித்திருக்கிறது. அஸ்பார்டேம் என்னும் இனிப்பூட்டிக்குச் சூட்டில் இனிப்பே போய்விடும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது வேறு. நீங்கள் இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், மாவுச்சத்தைத் திடீரென்று குறைக்கும்போது இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளோடு கடுமையான குறைமாவு முறை சேர்ந்தால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் மிகுந்து இரத்தம் அமிலமாகும் ஆபத்தும் உண்டு. மருந்தளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டீர்கள் அல்லவா?

வீட்டில் நாய் இருந்தால் சைலிடால் என்னும் இனிப்பூட்டியை உள்ளேயே கொண்டுவராதீர்கள். மனிதனுக்குத் தீங்கில்லாத அளவும் நாயின் உயிரைப் பறிக்கும்.

கேள்வி கேட்டவர்: பழைய ஓவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவரிடம் பேசிவிட்டேன், நான் எடுப்பது மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மாத்திரை மட்டும் என்பதால் இப்போதைக்கு மாற்றம் தேவையில்லை என்றார். வீட்டில் நாய் இல்லை, பூனைதான். அது கேக்கை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது.

பதம் பார்ப்பவர் சொன்ன அளவுகளில், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் மாவும் சேர்த்து நேற்று முன்தினம் கேக் செய்தேன். 160 டிகிரியில் 43 நிமிடம் ஆயிற்று. அச்சிலேயே ஆறவிட்டு மறுநாள் காலையில் வெட்டியபோது முதன்முறையாகத் துண்டுகள் உடையாமல் வந்தன. மணலும் இல்லை. மைதாக் கேக்கின் பஞ்சுத்தன்மை வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; ஈரமான, கனமான, பருப்பு மணக்கும் வேறொரு பண்டம் அது. ஒரு துண்டுக்குப் பிறகு அளவு 109-இலிருந்து 117 ஆயிற்று. தராசுத்தட்டு சொன்ன சீஸ் கேக்கை அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். பாதாம் விலை கட்டுப்படியாகாததால் அதற்குப் பதிலாகச் சூரியகாந்தி விதையை அரைத்துப் பாதி போட்டுப் பார்த்தேன். சிறு கப் கேக்குகள் ஆறியபின் உள்ளே பச்சையாக மாறிவிட்டன. பூஞ்சையோ என்று பயந்து எறிந்துவிட்டேன். என்ன காரணமாக இருக்கும்?

மறுமொழி 4: பதம் பார்ப்பவர்

எறிந்திருக்க வேண்டாம். சூரியகாந்தி விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம், பேக்கிங் சோடாவின் காரத்தன்மையோடு சேரும்போது பச்சை நிறம் கொடுக்கிறது, தீங்கு ஒன்றுமில்லை. பேக்கிங் சோடாவைக் குறைத்து, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் பெருமளவு தவிர்க்கலாம். அல்லது கோகோத் தூள் போட்டுவிடுங்கள். பச்சையாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.